காசு காணாமற்போகவில்லை

2011 செப்டெம்பரில் பிரித்தானியத் தொண்டு நிறுவனமான ஒக்ஸ்ஃபாம் ஓர் அறிக்கை விட்டது. ஹெயிட்டியில் தன் ஊழியர் சிலர் முறைகேடாக நடந்துகொண்டார்கள், விசாரணை முடிந்தது, சிலரை நீக்கியாயிற்று, சிலர் தாங்களாகவே விலகிவிட்டார்கள். என்ன முறைகேடு என்ற விவரம் இல்லை. ஒன்றை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருந்தார்கள்: நிவாரணக் காசில் மோசடி எதுவும் நடக்கவில்லை.

ஏழு வருடம் கழித்து விஷயம் வெடித்தபோதுதான் அந்தப் பழைய அறிக்கையைத் தேடி வாசித்தேன். கணக்கெழுதியே காலத்தை ஓட்டியவன் நான். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தொடங்கி, லண்டனில் ஒரு நகரசபையின் நிதிப் பகுதியில் ஓய்வு பெறும்வரை அதுதான் வேலை. மோசடி இல்லை என்ற அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைவாசலில் தகரப்பேணியில் சில்லறை போட்ட கிழவி அதை வாசிக்கப்போவதில்லை. மொத்தமாகக் காசு தருகிறவர்கள், அவர்களில் முக்கியமாக அரசாங்கம், வாசிப்பார்கள். உங்கள் காசு பத்திரம், தருவதை நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் அதன் பொருள்.

இத்தனைக்கும் இந்த நிறுவனம் பிறந்ததே அரசாங்கத்தோடு முரண்பட்டுத்தான்.

1941 குளிர்காலத்தில் கிரேக்க நாடு ஜெர்மானியர், இத்தாலியர், பல்கேரியர் பிடியில் இருந்தது. விளைந்ததைப் படைகள் வாரிக்கொண்டு போயின. கடல்வழியாக வரவேண்டிய கோதுமையைப் பிரித்தானியக் கடற்படை மறித்தது. எதிரி பிடித்துவைத்திருக்கும் நாடுகளுக்கு உணவு விடமுடியாது, விட்டால் அது எதிரிக்குத்தான் பலம் என்று சேர்ச்சில் 1940 ஓகஸ்டிலேயே பாராளுமன்றத்தில் சொல்லிவிட்டார். ஏதென்ஸிலும் பிரேயஸ் துறைமுகத்திலும் சனம் தெருவில் விழுந்து செத்தது. ஆக்கிரமிப்புக் காலம் முழுவதிலும் கிரேக்கத்தில் பட்டினியால் மாண்டவர்கள் சுமார் 3 இலட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். பொருளாதாரத் தடை என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்கும் பற்றறிக்கும் தடை போட்டிருந்த யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இன்று லண்டனில் என் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள்.

1942 ஒக்டோபர் 5ஆம் திகதி, ஒக்ஸ்போர்ட் புனித மரியாள் தேவாலயத்தின் பழைய நூலக அறையில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. பஞ்ச நிவாரணத்துக்கான ஒக்ஸ்போர்ட் குழு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தேவாலயக் குருவானவர் மில்ஃபோர்ட், கிரேக்க இலக்கியப் பேராசிரியர் கில்பர்ட் மறே, குவேக்கர் சபையைச் சேர்ந்த வைத்தியர் ஹென்றி கில்லெற், இந்திய சிவில் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற சேர் அலன் பிம் எல்லாரும் அந்தக் குழுவின் ஆட்கள். அவர்களுடைய முதல் வேலை காசு சேர்ப்பதில்லை. தங்கள் அரசாங்கத்திடம், யுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், தடையைத் தளர்த்து என்று கேட்பது. அப்படிக் கேட்ட குழுக்கள் நாடெங்கும் பல இருந்தன. அரசாங்கம் முழுக்க இறங்கிவரவில்லை. ஆனாலும் 1942இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் மேற்பார்வையில், சுவீடன் கப்பல்களில் கனடாக் கோதுமை கிரேக்கத்துக்குப் போக வழி விட்டது. அடுத்த ஆண்டு ஒக்ஸ்போர்ட்டில் கிரேக்க வாரம் என்று ஒன்று கொண்டாடி 10,000 பவுணுக்கு மேல் சேர்த்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் மற்றக் குழுக்களில் அநேகமானவை கலைந்தன. இந்தக் குழு கலையாமல் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் செசில் ஜாக்சன்-கோல் என்ற வியாபாரி. வீடு, காணி விற்பனைத் தொழில் நடத்தியவர். தொண்டையும் வியாபாரம்போல ஒழுங்காக நடத்தவேண்டும் என்ற பிடிவாதக்காரர். அக்ஷன்எயிட், ஹெல்ப் த ஏஜ்ட் இரண்டும் பின்னாளில் அவர் கைபட்டுத் தொடங்கியவைதான். 1948இல் ஒக்ஸ்போர்ட் புரோட் வீதி 17ஆம் இலக்கத்தில் குழுவின் கடை திறந்தது. சனம் கொண்டுவந்து கொடுக்கும் பழைய சாமான்களை விற்பது. வரும் காசை நிவாரணத்துக்கு அனுப்புவது. 1949இல் ஜோ மிற்றி என்பவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். பொய்ப்பல் வந்தாலும் விற்றுக் காசாக்கிய கெட்டிக்காரர் அவர். கடை இன்றும் அதே இலக்கத்தில் இருக்கிறது.

கடைக்காசின் அருமை கணக்கெழுதியவனுக்குத்தான் தெரியும். பிரித்தானியத் தொண்டு நிறுவனம் எதனுடைய ஆண்டறிக்கையை எடுத்தாலும் வருமானம் இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும். ஒன்று நிபந்தனையோடு வந்த காசு. இன்ன நாட்டில், இன்ன மாவட்டத்தில், இன்ன கிணறு தோண்ட என்று தந்தவர் எழுதியே தந்திருப்பார். அதில் ஒரு சதத்தையும் வேறு எதற்கும் தொடமுடியாது. மற்றது நிபந்தனை இல்லாத காசு. நிறுவனம் தன் புத்திக்கு எட்டியபடி செலவழிக்கலாம். அரசாங்கக் காசு பெரும்பாலும் முதற் பத்தியில் வரும். கடைக்காசு இரண்டாவதில்.

ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஒரு தொண்டுக் கடையில் பழைய புத்தகம் தரம் பிரிக்கப் போகிறேன். பை கொண்டுவருகிறவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, நீங்கள் வருமான வரி கட்டுகிறவரா என்பது. ஆம் என்றால் அவர் பெயருக்கு ஒரு பார்கோட் சுருள் இருக்கும். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டையும் ஒட்டவேண்டும். புத்தகம் 4 பவுணுக்கு விற்றால் வரித் திணைக்களம் கடைக்கு இன்னொரு பவுண் தரும். கிஃப்ற் எயிட் என்று பெயர். ஒரு பவுணுக்கு 25 பென்ஸ் கணக்கு. சீட்டு ஒட்ட மறந்தால் அந்தக் காசு போச்சு. ஆகவே அரசாங்கக் காசே படாத தொண்டு என்று இந்த நாட்டில் ஒன்றைக் காண்பது கஷ்டம். கால் பவுணுக்கு யாரும் வாய் மூடவேண்டியதில்லை என்பதுதான் இதில் ஆறுதல்.

குழு வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1951இல் பீகார்ப் பஞ்சத்துக்கு உதவி அனுப்பியபோது அதன் பார்வை ஐரோப்பாவைத் தாண்டியது. தந்தி முகவரிக்காகச் சுருக்கிய ஒக்ஸ்ஃபாம் என்ற சொல்லே 1965இல் நிறுவனத்தின் பெயராயிற்று. 1963இல் ஒக்ஸ்போர்ட்டில் படித்துக்கொண்டிருந்த ஒரு துடுக்கான இளைஞர் பீற்றில்ஸ் பாடகர்களையே பிடித்து ஒக்ஸ்ஃபாம் நிதி சேர்ப்புக்கு இழுத்துவந்தார். அவர் பெயர் ஜெஃப்ரி ஆர்ச்சர். ஆம், நாங்கள் இரயிலில் வாசிக்கும் அதே நாவலாசிரியர்தான். பொய்ச்சாட்சி வழக்கில் 2001இல் சிறை போனவர். தொண்டுக்கு வருகிற எல்லாரும் மகாத்மாவாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தால் கணக்குப் புத்தகத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

அரசாங்கக் காசு ஒழுங்குமுறையாக வரத் தொடங்கியது 1975இல். தொழிற்கட்சி ஆட்சியில் கூட்டு நிதித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தொண்டு நிறுவனம் ஒரு திட்டத்துக்கு 1 பவுண் போட்டால் அரசாங்கமும் 1 பவுண் போடும். ஒக்ஸ்ஃபாம், கிறிஸ்டியன் எயிட், கஃபோட், சேவ் த சில்ட்ரன் போன்ற பெரிய நிறுவனங்களுக்குத் தொகையை மொத்தமாகவே கொடுத்தார்கள். பாதிப் பாதி என்பதால் அடிமைப்படுகிறோம் என்ற எண்ணம் வரவில்லை. 1979இல் கம்போடியாவில் பொல் பொட் விழுந்த பிறகு, வியட்நாம் வைத்த புதிய ஆட்சியை மேற்கு நாடுகள் அங்கீகரிக்க மறுத்தன. ஒக்ஸ்ஃபாம் அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் உதவிப் பணிப்பாளர் கை ஸ்ட்ரிங்கர் சிங்கப்பூரில் ஓர் இழுவைப் படகையும் பெரிய தெப்பக் கப்பலையும் வாடகைக்கு எடுத்து, நிவாரணச் சாமான் ஏற்றி நேரே கம்போடியாவில் கொண்டுபோய் இறக்கினார். பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியான புளூ பீற்றரைப் பார்த்த பிள்ளைகள் பழைய சாமான் விற்று மில்லியன் கணக்கில் சேர்த்துத் தந்தார்கள். தன் கையில் காசு இருந்தால் ஒரு நிறுவனம் எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1997இல் டோனி பிளேயர் அரசு சர்வதேச அபிவிருத்திக்கென்று தனித் திணைக்களம் அமைத்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து பங்காளி ஒப்பந்தங்கள் வந்தன. அந்த வழியில் மட்டும் ஒக்ஸ்ஃபாமுக்கு ஆண்டுக்கு 11 மில்லியன் பவுண் அளவில் கிடைத்த காலம் உண்டு. நல்ல காசு, பெரிய நிபந்தனை இல்லாத காசு. 2016 முடிவில் அதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு எல்லாம் கேள்விப்பத்திரமும் போட்டியும். ஒவ்வொரு திட்டத்துக்கும் இலக்கு அட்டவணை, காலாண்டு அறிக்கை, பற்றுச்சீட்டு. 2016-17இல் ஒக்ஸ்ஃபாமின் மொத்த வருமானம் 400 மில்லியன் பவுணைத் தாண்டியது. அதில் பிரித்தானிய அபிவிருத்தித் திணைக்களம் தந்தது ஏறத்தாழ 32 மில்லியன். ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. அமைப்புகள், மற்ற நாட்டு அரசுகள் எல்லாம் தருவது பெரிய தொகை. ஓர் அரசு கையை இழுத்தால் மற்றவர்களும் என்ன ஏது என்று கேட்பார்கள். ஆகவே அந்த 32 மில்லியனுக்கு அதன் எண்ணைவிடக் கனம் அதிகம்.

காசு தருகிறவர்களும் மேற்பார்வை செய்கிறவர்களும் இந்தக் காலம் முழுவதும் ஒக்ஸ்ஃபாமில் எதைக் கவனித்தார்கள்? அதன் வாயை. தென்னாபிரிக்காவின் நிறவெறி அரசுக்கு எதிராகப் பொருளாதாரத் தடை வேண்டும் என்று ஒக்ஸ்ஃபாம் பிரசாரம் செய்ததை, தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரச அமைப்பான தொண்டு ஆணைக்குழு விசாரித்து, அறக்கட்டளைச் சட்டத்தின் எல்லையைத் தாண்டிய அரசியல் அது என்று 1991இல் கண்டித்தது. நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்து ஒரு வருடம் கழிந்த பிறகு வந்த கண்டனம் அது! 2014இல் பிரித்தானியாவின் செலவுக் குறைப்பு ஏழைகளை எப்படி வாட்டுகிறது என்று ஒக்ஸ்ஃபாம் ஒரு சுவரொட்டிப் படத்தைப் பகிர்ந்தது. ஆளும் கட்சி எம்.பி. ஒருவர் முறையிட்டார். ஆணைக்குழு அதையும் எடுத்து விசாரித்து, இன்னும் கவனமாக இருந்திருக்கவேண்டும் என்று புத்தி சொன்னது. 2016 பெப்ரவரியில் அரசாங்கமே, நாங்கள் தரும் காசை வைத்து எங்களிடமே வாதாடக்கூடாது என்று எல்லா மானியங்களுக்கும் நிபந்தனை போடப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பி அந்த ஆண்டு முடிவதற்குள் அதைக் கைவிட்டார்கள்.

வாயைப் பார்த்தார்கள், பற்றுச்சீட்டையும் பார்த்தார்கள். களத்தில் நிற்கும் ஊழியர் அங்குள்ள சனத்தோடு எப்படி நடந்துகொள்கிறார் என்பது எந்தப் பத்தியிலும் இல்லை. தெரியாமல் இருந்ததென்றும் சொல்லமுடியாது. மேற்கு ஆபிரிக்க அகதி முகாம்களில் உதவிப் பணியாளர்களே உணவுக்கும் சாமானுக்கும் பதிலாகச் சிறுமிகளைச் சீரழிக்கிறார்கள் என்று ஐ.நா. அகதிகள் அமைப்பும் சேவ் த சில்ட்ரனும் சேர்ந்து செய்த ஆய்வு 2002இலேயே சொன்னது.

எழுபதுகளில் நான் இளம் கிளாக்கராகச் சேர்ந்த சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். அரிசி, சீனி, மா எல்லாம் கூப்பனுக்குக் கிடைத்த காலம். கூட்டுறவுத் திணைக்களத்துப் பரிசோதகர் வருகிற நாளில் கடை கூட்டித் துடைத்திருக்கும். அவர் சாக்குகளை எண்ணுவார். ஒரு சாக்கைக் காட்டித் தராசில் ஏற்றச் சொல்லுவார். கழிவு எவ்வளவு எழுதியிருக்கிறது, இருப்புப் புத்தகத்தில் வெட்டு விழுந்திருக்கிறதா, பற்றுச்சீட்டு இலக்கம் தொடர்ச்சியாக வருகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். எங்கள் மனேச்சர் அந்த விஷயத்தில் சூரர். ஒரு றாத்தல் சீனி பிசகாது. அதே மனேச்சர் வரிசையில் நிற்கிற பெண்களில், கேட்க ஆளில்லாத வீட்டுப் பெண்ணாகப் பார்த்து, "பிள்ளை, நீ கடைசியா வா" என்று நிறுத்திவைப்பார். கடை பூட்டுகிற நேரம்வரை அவள் கூப்பனைக் கையில் பொத்திக்கொண்டு நிற்பாள். சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பரிசோதகர் கேட்ட கேள்விகளுக்குள் அது வரவில்லை. தேநீர் குடித்துவிட்டு, கணக்குகள் திருப்தி என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

ஹெயிட்டிக் கோப்பை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையெழுத்துத்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் அதற்கு முன் அச்சேயைச் சொல்லவேண்டும். 2004 சுனாமிக்குப் பிரித்தானிய மக்கள் ஒரே நிவாரண அழைப்பில் 392 மில்லியன் பவுண் அள்ளிக் கொடுத்தார்கள். இந்தோனேசியாவின் அச்சேயில் வேலை செய்துகொண்டிருந்த ஒக்ஸ்ஃபாம், தன் கணக்கில் 20,000 டொலருக்குச் சற்று மேல் கையாடப்பட்டிருப்பதாக 2006இல் கண்டுபிடித்தது. உடனே அந்தப் பகுதியில் வேலையை இடைநிறுத்தியது; ஊரறியச் சொல்லியது. சாமான் கொள்வனவு எப்படி, யார் கையெழுத்து என்று எல்லாம் கிளறியது. பாராட்டத்தான் வேண்டும். காசு என்றால் என்ன செய்யவேண்டும் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது.

2010 ஜனவரி 12ஆம் திகதி ஹெயிட்டியில் நிலநடுக்கம். 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் கூடாரங்களே ஊராயின. தண்ணீரும் மலசலகூடமும் ஒக்ஸ்ஃபாமின் கைவந்த வேலை, அதைச் செய்தார்கள். 2011 கோடையில் அங்கிருந்த ஊழியர் சிலர்மேல் முறைப்பாடுகள் தலைமையகத்துக்கு வந்தன. நிறுவனம் வாடகைக்கு எடுத்த வீட்டிலேயே பாலியல் தொழிலில் இருந்த பெண்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், சக ஊழியரை மிரட்டினார்கள் என்பது அவற்றில் சில. விசாரணைக் குழு போயிற்று. 4 பேரை நீக்கினார்கள். நாட்டுப் பணிப்பாளர் உட்பட 3 பேரை விலக விட்டார்கள். பணிப்பாளருக்குக் கௌரவமான வழியனுப்பல் கிடைத்தது. விசாரணைக்கு ஒத்துழைத்தார் என்பது காரணம். பிறகு அவர் இன்னொரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து பங்களாதேஷுக்குப் போனார். அந்த நிறுவனத்துக்கு ஒக்ஸ்ஃபாம் எச்சரிக்கை ஒன்றும் கொடுக்கவில்லை.

தொண்டு ஆணைக்குழுவுக்கு 2011 ஓகஸ்டில் ஒக்ஸ்ஃபாம் எழுதத்தான் செய்தது. பொருத்தமற்ற பாலியல் நடத்தை, மிரட்டல், ஊழியரைத் துன்புறுத்தல் என்று பட்டியல் இருந்தது. உதவி பெறுவோர் எவரும் பாதிக்கப்படவில்லை என்றும் இருந்தது. பதின்மூன்று வயதுச் சிறுமி என்று சொல்லிக்கொண்டு, தனக்கும் தோழிக்கும் நடந்ததை எழுதிய மின்னஞ்சல்கள் அந்தக் கோடையிலேயே நிறுவனத்துக்கு வந்திருந்தன. அது உண்மையான கடிதமாக இருக்காது என்று நினைத்து ஆழமாகத் தோண்டவில்லை. ஆணைக்குழுவும் கடிதத்தை வாங்கிக் கோப்பில் போட்டது. ஒரு சுவரொட்டிக்கு விசாரணை வைத்த அதே ஆணைக்குழு இங்கே மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

2018 பெப்ரவரி 9ஆம் திகதி டைம்ஸ் பத்திரிகையில் முழுவதும் வந்தது. இரண்டு நாளில் அபிவிருத்தி அமைச்சர் பெனி மோர்டண்ட் தொலைக்காட்சியில் தோன்றி, உள்ளதையெல்லாம் சொல்லாவிட்டால் காசு கிடையாது என்றார். 12ஆம் திகதி உதவிப் பிரதம நிறைவேற்று அதிகாரி பதவி விலகினார். மறுநாள் குவாத்தமாலாவில், ஒக்ஸ்ஃபாம் சர்வதேச அமைப்பின் தலைவராக இருந்த முன்னாள் நிதியமைச்சரை, அவர் அரசாங்கத்தில் இருந்த காலத்துப் பேருந்து ஊழல் வழக்கில் கைது செய்தார்கள். ஹெயிட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சனி பிடித்தால் இப்படித்தான். 15ஆம் திகதி பேராயர் டெஸ்மண்ட் டூட்டு ஒக்ஸ்ஃபாம் தூதர் பதவியைக் கைவிட்டார். அவருடைய நாட்டு விடுதலைக்காகப் பேசித்தான் அந்த நிறுவனம் 1991இல் கண்டனம் வாங்கியது. 16ஆம் திகதி, அரசாங்கம் திருப்திப்படும்வரை புதிய நிதிக்கு விண்ணப்பிப்பதில்லை என்று ஒக்ஸ்ஃபாம் ஒப்புக்கொண்டது. பிரதம நிறைவேற்று அதிகாரி மார்க் கோல்ட்ரிங், நாங்கள் என்ன தொட்டிலில் கிடந்த குழந்தைகளையா கொன்றோம் என்று பத்திரிகைப் பேட்டியில் கேட்டுவைத்து, பாராளுமன்றக் குழுவின் முன் அதற்கு மன்னிப்புக் கேட்டார். மாதாமாதம் காசு தந்தவர்களில் சுமார் 7,000 பேர் சில நாட்களிலேயே நிறுத்திக்கொண்டார்கள் என்பதையும் அங்கேதான் சொன்னார். அவரும் மே மாதத்தில் விலகலை அறிவித்தார். ஜூனில் ஹெயிட்டி அரசு, ஒக்ஸ்ஃபாம் பிரித்தானியா இனி எங்கள் நாட்டில் வேலை செய்யவேண்டாம் என்று அனுமதியை இரத்துச் செய்தது. அதே மாதம் 16 மில்லியன் பவுண் செலவுக் குறைப்பு வந்தது. வேலைகளும் திட்டங்களும் போயின.

ஆணைக்குழு தன் விசாரணை அறிக்கையை 2019 ஜூன் 11ஆம் திகதி வெளியிட்டு, ஒக்ஸ்ஃபாமுக்கு உத்தியோகபூர்வ எச்சரிக்கை கொடுத்தது. நீண்ட அறிக்கை. கெட்ட நடத்தையைச் சகித்துக்கொள்ளும் பழக்கம் நிறுவனத்தில் ஊறியிருந்தது என்பதைப் பத்திரிகைகள் தலைப்பாக எடுத்தன. என் கண்ணில் பட்டது வேறு இடம். 2011இல் வெளியே எவ்வளவு சொல்வது என்ற முடிவுகளில், நிறுவனத்தின் பெயரையும் நிதி தருவோருடனான உறவையும் காப்பாற்றவேண்டும் என்ற நினைப்பு சில வேளைகளில் கலந்திருந்தது என்று அறிக்கை சொல்கிறது. முறைப்பாடுகளைக் கையாளும் பகுதிக்கு ஆளும் காசும் போதாமல் இருந்ததையும் பதிவு செய்திருக்கிறது. 2012 முதல் 2015 வரை அந்தப் பகுதியை நடத்திய ஹெலன் எவன்ஸ், எனக்கு இன்னும் ஆள் தாருங்கள் என்று மன்றாடியதாகத் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். இதில் வியப்பில்லை. கிணற்றுக்கு வந்த காசில் முறைப்பாடு விசாரிக்கிறவருக்குச் சம்பளம் எழுதமுடியாது. அது நிபந்தனையற்ற பத்தியிலிருந்து வரவேண்டும். அந்தப் பத்தியோ, நிர்வாகச் செலவு எவ்வளவு குறைவு பாருங்கள் என்று நன்கொடையாளருக்குக் காட்டுவதற்காக எப்போதும் இறுக்கிப் பிடிக்கப்படும்.

இந்த இடிபாட்டைப் பொறுப்பெடுக்க 2019 ஜனவரியில் பிரதம நிறைவேற்று அதிகாரியாக வந்தவர் எங்கள் பெயர் கொண்டவர். தனஞ்சயன் சிறீஸ்கந்தராஜா, இலங்கையில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர், ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், அதற்குமுன் ஜொகன்னஸ்பேர்க்கில் சிவிக்கஸ் அமைப்பின் செயலாளர் நாயகம். லண்டன் தமிழ்க் கூட்டங்களில் இந்த நியமனத்தைப் பெருமையாகக் கதைத்தார்கள். பதவியோடு அவர் தலையில் இறங்கிய சுமையைப் பற்றிக் கதைத்தவர் குறைவு. ஆணைக்குழுவின் மேற்பார்வை 2021 பெப்ரவரியில் முடிந்தது. மார்ச்சில் அரசாங்க நிதிக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று அனுமதி வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில், கொங்கோவில் ஊழியர்மேல் புதிய முறைப்பாடுகள் இருக்கின்றன என்ற செய்தி வந்ததும் அந்தக் கதவை உடனே மறுபடி சாத்தினார்கள்.

அரசாங்கம் செய்தது சரியா? 2018இல் நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். ஏழு வருடம் மூடிவைத்ததற்கு ஏதோ ஒரு விலை இருக்கவேண்டும். 2021இல் நிறுத்தியதை என்னால் அதே மாதிரி ஏற்கமுடியவில்லை. முறைப்பாடு வந்தது, இரண்டு பேரை இடைநிறுத்தி விசாரணை நடந்துகொண்டிருந்தது. முறைப்பாடு வருவதே குற்றம் என்று நடத்தினால் அடுத்த முறை கோப்பு மேசைக்கு வராது. கொள்ளைக்காரனைப் பிடித்த காவலாளிக்குச் சம்பளத்தை வெட்டினால் அவன் இனி இரவில் கண்ணை மூடிக்கொள்வான். தவிரவும் காசு நின்றபோது ஒக்ஸ்போர்ட்டில் ஒரு மேசை காலியானது. வேறெங்கோ ஒரு தண்ணீர்க் குழாய் நின்றது. 2020 மே மாதம் ஒக்ஸ்ஃபாம் சர்வதேச அமைப்பு 18 நாடுகளில் தன் அலுவலகங்களை மூடப்போவதாக அறிவித்தது. கொரோனாக் கால நெருக்கடி அதைத் துரிதப்படுத்தியது. பட்டியலில் ஹெயிட்டியும் இருந்தது, இலங்கையும் இருந்தது.

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்தது ஒக்ஸ்ஃபாமுக்காக மட்டுமில்லை. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் அறக்கட்டளைகள் பல தொண்டு ஆணைக்குழுவில் பதிவானவை. ஊருக்குக் காசு அனுப்புகின்றன; கணவனை இழந்த பெண்களுக்குத் தையல் மெஷின், பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு என்று நல்ல காரியங்கள். அங்கே காசைக் கையில் கொடுப்பவர் நாங்கள் நம்பும் ஒரு பிரதிநிதி. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிப்பார். மண்டப வாடகையிலும் றோல்ஸ் வாங்கிய காசிலும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று முன்மொழிந்து, வழிமொழிந்து, தேநீருக்குக் கலைவோம். காசு வாங்குகிற அந்தப் பெண், எங்கள் பிரதிநிதியைப் பற்றி ஒரு குறை சொல்லவேண்டுமென்றால் யாரிடம் சொல்வது? லண்டனில் உள்ள ஒருவருடைய தொலைபேசி இலக்கமாவது அவளிடம் இருக்கிறதா? இந்த வருடம் எத்தனை முறைப்பாடு வந்தது, யார் விசாரித்தது? அடுத்த பொதுக்கூட்டத்தில் பொருளாளர் உட்கார்ந்ததும் எழுந்து இதைக் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.